வாட்ச்சுக்கு வயசாச்சு!

ஆபீசில் பக்கத்து சீட்காரரின் மணிக்கட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பார். ஆனால் அதில் மணி பார்க்க மாட்டார். பேன்ட் பாக்கெட்டைத் துழாவி செல்போனை எடுத்துப் பார்ப்பார். 'ஏன் சார், கையிலேதான் வாட்ச் இருக்கே?' என்று கேட்டால், 'சார்ஜ் இல்லே சார்' என்பார், ஏதோ ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்கிற தோரணையில்.

வாங்கின புதிதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் நின்றது. அப்புறம் மூன்று நாள். இப்போது காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 100 சதவிகிதம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது 18. டிபன் பாக்ஸை மூடும்போது வாட்ச்சும் கண்ணை மூடிவிடுகிறது. மாரடைப்பு வந்தால் சொல்லும் என்று நம்பி வாங்கிய சாதனத்துக்கு முதலில் மாரடைப்பு!

அடுத்த கட்டம் என்ன என்பது உங்களுக்கே தெரியும். தீபாவளி ஆஃபர். புது வாட்ச். பழையது மேஜை டிராயருக்குள். அங்கே ஏற்கெனவே இரண்டு செல்போன்கள், ஒரு எம்.பி.3 பிளேயர், எதற்கென்றே தெரியாத நாலு சார்ஜர்கள் துயில் கொண்டிருக்கும்.

அடியேன் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் புத்தி டெபிட், கிரெடிட் என்றுதான் ஓடும். இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டம் தரும் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவிகிதம். வாட்ச்சும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தானே? 3,000 ரூபாய் வாட்ச் முதல் வருஷக் கடைசியில் 1,800. இரண்டாவது வருஷம் 1,080. மூன்றாவது வருஷம் 648. இந்த முறையில் ஒரு வேடிக்கை, மதிப்பு குறைந்துகொண்டே போகுமே தவிர, ஒரு நாளும் பூஜ்யம் ஆகாது. (மாதச் சம்பளக்காரர்கள் இதை ரிட்டர்னில் கழிக்க முடியாது. மனசைத் தேற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.) ஆக, சட்டமே 648 ரூபாய் மதிப்பிருக்கிறது என்று சொல்கிற பொருளை நாம் டிராயரில் போட்டுப் பூஜ்யம் ஆக்குகிறோம்.

சரி, அப்படி என்னதான் ஆகிறது அதற்கு?

வாட்ச்சின் மூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலும் கோளாறு வயிற்றில். செல்போனில் இருப்பது 5,000 மில்லி ஆம்பியர் பேட்டரி என்றால், வாட்ச்சுக்குள் இருப்பது 200, 300. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. லித்தியம் பேட்டரி 300 முதல் 500 தடவை முழுசாக சார்ஜ் ஆகி இறங்கினால் அதன் கொள்ளளவு 80 சதவிகிதத்துக்கு வந்துவிடும், அப்புறம் இறங்குமுகம்தான். இதை டவுன்பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயனிகள் என்கிற பிரயாணிகள் சார்ஜ் ஏறும்போது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறார்கள். இறங்கும்போது திரும்பி வருகிறார்கள். ஒவ்வொரு டிரிப்பிலும் நாலைந்து பேர் எதிர் ஸ்டாப்பிலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பஸ் அதே பஸ்தான். ஆள்தான் குறைந்துகொண்டே போகிறது.

நான் இருக்கிற ஊர் கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். இங்கே இன்னொரு உபத்திரவம், குளிர். ஜனவரி ராத்திரியில் வாட்ச்சைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தால், காலையில் 40 சதவிகிதம் காட்டிய வாட்ச் திடீரென்று பொட்டென அணைந்துவிடும். பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் மந்தமாகி, அயனிகள் நம்மைப் போலவே போர்வையை விட்டு வர மறுக்கின்றன. கையில் கட்டிக்கொண்டு உள்ளங்கையால் கொஞ்ச நேரம் மூடினால் உயிர் வந்துவிடும். புது பேட்டரி இந்தக் குளிரைத் தாங்கும். கிழட்டு பேட்டரிக்குத்தான் முடியாது. ஆகவே, மலைக்கு டூர் வந்து 'வாட்ச் போச்சு' என்று பதறுகிற அன்பர்கள், வத்தலக்குண்டு இறங்கும்வரை பொறுங்கள். தானாகவே பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

என் வாட்ச்சுக்கு வயது ஐந்து. உள்ளங்கை வைத்தியத்துக்கெல்லாம் அது கட்டுப்படவில்லை. கீழே ஒரு பெரிய ஊருக்கு வேலையாகப் போனபோது சர்வீஸ் சென்டரில் நுழைந்தேன். (எந்தக் கம்பெனி என்பது வேண்டாமே.) ஏ.சி., கண்ணாடிக் கதவு, டோக்கன், கழுத்தில் பட்டை தொங்கும் இளைஞர். அவர் ரொம்ப மரியாதைப்பட்டவர்.

"பேட்டரி மாத்தணும் தம்பி."

"பேட்டரி தனியா வராது சார்."

"வேற எதோட வரும்?"

"புது வாட்ச்சோட வரும் சார்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் அந்த ஒரு பட்டன்தான் இருந்திருக்கும்.

கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு மேஜை விளக்கு, ஒரு மனுஷர். அறுபதைத் தாண்டியவர். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டால் அவருக்கு உலகம் மறந்துவிடும். பின்னால் வரிசையாக பிஸ்கட் டின்கள். ஒவ்வொன்றிலும் செத்துப்போன ஹெச்.எம்.டி. வாட்ச்சுகள். அவர் தொழில் கற்றுக்கொண்டதே அதில்தான்.

இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது ஹெச்.எம்.டி. 'ஜனதா' என்று ஒரு மாடல். தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை, அரசு உத்தியோகஸ்தர், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லார் கையிலும் அதுதான். அப்புறம் ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. குவார்ட்ஸ் வந்தது. சாவி கொடுக்கும் வேலை போச்சு. கடைசியில் 2016-ல் ஹெச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூடிவிட மத்திய அரசு முடிவு செய்தது. கம்பெனி போய்விட்டது. ஆனால் 'ஜனதா' இன்னும் ஓடுகிறது. காரணம், அந்த பிஸ்கட் டின். ஒன்று செத்தால் அதன் பல் சக்கரம் இன்னொன்றைப் பிழைக்க வைக்கும். கண்தானம் மாதிரி.

என் வாட்ச்சை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஸ்குரூ எங்கேயும் இல்லை.

"தம்பி, ஹெச்.எம்.டி.யைத் திறக்கறது டப்பா மூடியைத் திறக்கற மாதிரி. இது பலாப்பழம் பிளக்கற வேலை. பூராவும் பசை."

"முடியுமா அண்ணே?"

"அவசரப்படாதீங்க. மொதல்ல பேட்டரிதானான்னு பாப்போம்."

பின்பக்கம் சார்ஜர் ஒட்டும் இடத்தில் இருக்கும் சின்னப் பித்தளைப் புள்ளிகளைக் காட்டினார். பாசி பிடித்த மாதிரி பச்சை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பிறகு ஸ்கூல் பையன்கள் வைத்திருக்கும் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார்.

"என்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல பேட்டரியே காரணம் இல்லே. வேர்வை உப்பு. சார்ஜ் ஏறியிருக்காது, ஏறினதா நெனச்சுக்குவாங்க. துடைச்சுக் குடுத்தா இருபது ரூவாதான் கேக்க முடியும். இருந்தாலும் என்ன பண்றது, உள்ளதைத்தான சொல்லணும்!"

என்னுடையது மீதிப் பாதியைச் சேர்ந்த கேஸ். அரை மணி நேரம் சார்ஜில் வைத்துப் பார்த்துவிட்டு, 'பேட்டரிதான்' என்று தீர்ப்புச் சொன்னார்.

திறக்கிற வைபவத்தை நான் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். சூடான தகட்டில் வாட்ச்சைக் கவிழ்த்து வைக்கிறார். பசை இளகவேண்டும், ஆனால் திரை வெந்துவிடக் கூடாது, உள்ளே இருக்கும் பேட்டரியும் ரொம்பச் சூடாகக் கூடாது. இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பது போல் அடிக்கடி விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விளிம்பில் நுழைத்து, ஓரமாகவே ஒரு பிரதட்சணம். நடுவில் நுழைத்தால் தொலைந்தது. திரைக்கும் உடம்புக்கும் நடுவே சினிமா டிக்கெட் அகலத்துக்குக்கூட இல்லாத ஒரு ரிப்பன் வயர் இருக்கிறது. அது அறுந்தால் வாட்ச் திரும்பி வராத ஊருக்குப் போய்விடும். மலைக்குளிரில் பசை மறுபடி இறுகிவிடுவதால் இரண்டு தடவை சூடு காட்டவேண்டி வந்தது. கீழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

திறந்ததும் பேட்டரி முதுகில் இருக்கும் ஆறு எண்களைப் படித்தார். ஜாதகம் பார்க்கிற கவனம். விஷயம் ரொம்ப எளிது. இந்த வகை பேட்டரிகளில் எண்ணே அளவு. 402025 என்று போட்டிருந்தால் கனம் 4 மில்லிமீட்டர், அகலம் 20, நீளம் 25. கம்பெனி பெயரோ, மாடல் பெயரோ தேவையில்லை. அந்த அளவு, அதே வோல்டேஜ், அதே மாதிரி வயர் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் தேடுகிற ஆளுக்குக் கிடைக்கும். 'பேட்டரி தனியா வராது' என்பதெல்லாம் ஏ.சி. ரூம் சித்தாந்தம்.

நிற்க. பேட்டரியை மாற்றிவிட்டால் மட்டும் ஸ்மார்ட் வாட்ச் பிழைத்துவிடுமா? அங்கேதான் 'ஜனதா'வுக்கும் இதற்கும் வித்தியாசம். இதற்கு உடம்பு நம் கையில், ஆவி எங்கேயோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில்.

அமெரிக்காவில் 'பெபிள்' என்று ஒரு வாட்ச். (நம்மூர்க் கடைகளில் அதே பெயரில் விற்பது வேறு கம்பெனி.) 2012-ல் பொதுமக்களிடமே இணையம் மூலம் முன்பணம் வசூலித்து ஆரம்பித்தார்கள். ஒரு கோடி டாலருக்கு மேல் குவிந்தது. 2016 டிசம்பரில் கடையைச் சாத்திவிட்டு, மென்பொருளையும் முக்கியமான ஆட்களையும் ஃபிட்பிட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2018-ல் சர்வரையும் நிறுத்திவிட்டார்கள். கையில் கட்டியிருந்த ஜனங்கள் என்ன செய்வார்கள்? டிராயர்தானே? இல்லை. 'ரெபிள்' என்று ஒரு கோஷ்டி சேர்ந்தது. சொந்தமாக சர்வர் வைத்து, செத்த வாட்ச்சுகளுக்கு வானிலை விவரம் சப்ளை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இதற்குள் ஃபிட்பிட்டை கூகுள் விழுங்கியது. கடைசியில் 2025 ஜனவரியில் அந்த வாட்ச்சின் மூல நிரலை கூகுளே எல்லோருக்கும் திறந்து விட்டுவிட்டது. ஒரு பழைய வாட்ச்சை விடமாட்டேன் என்று அடம்பிடித்தவர்களால் நடந்த காரியம்! அவ்வளவு பெரிய கம்பெனியை அசைத்துவிட்டார்கள். நம்மால் ஹவுஸிங் போர்டு அசோசியேஷனில் ஒரு டியூப்லைட் மாற்ற முடியவில்லை.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. நமது நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் திறந்தது. செல்போன், வீட்டு சாமான், வண்டி, விவசாயக் கருவி நாலுக்கும் உதிரி பாகம், சர்வீஸ் விவரங்களைக் கம்பெனிகள் அதில் போட வேண்டும் என்று எண்ணம். சாமான்களுக்கு 'எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம்' என்று மார்க் போடும் யோசனையை ஆராய்ந்த கமிட்டி, 2025-ல் அறிக்கை கொடுத்தது. பிரான்சில் 2021-லிருந்தே இந்த மார்க் உண்டு. ஐரோப்பாவிலோ 2027 பிப்ரவரியிலிருந்து, சாமானுக்குள் இருக்கும் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. தண்ணீரில் நனையும் சாமான் என்று சொல்லி வாட்ச் கம்பெனிகள் நழுவப் பார்க்கலாம். என் அபிப்பிராயம், நனையாமல் இருக்க ஒரு ரப்பர் வளையமும் நாலு ஸ்குரூவும் போதும். முங்கு நீச்சல்காரர்கள் கட்டும் வாட்ச்சுகளில் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்?

ரிப்பேரின் மகிமை தெரிய வேண்டுமானால் ஐரோப்பா வரை போக வேண்டாம். எங்கள் ஊரிலேயே, ஏரியிலிருந்து மேலே ஏறினால் சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஜான் ஷெல்ட்டன் என்ற லண்டன்காரர் செய்த ஊசல் கடிகாரம் ஒன்று உண்டு. 1769-ல் சூரியனை சுக்கிரன் கடப்பதைப் பார்க்க கேப்டன் குக் தாஹிதித் தீவுக்கு எடுத்துப்போனாரே, அதே ஷெல்ட்டன் கைவேலை. முதலில் இது சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தில் இருந்தது. அந்த ஆய்வகம் கணித்த 'மெட்ராஸ் டைம்'தான் ஒரு காலத்தில் நாடு முழுக்க ரயில்களை ஓட்டியது. இன்றைய நேரத்துக்கு சுமார் 9 நிமிஷம் பின்னால். 1906-ல் இந்திய நேரம் வந்து அதை ஓரங்கட்டியது. ஆய்வகம் 1899-ல் மலையேறியபோது கடிகாரமும் மலையேறியது. இருநூறு வருஷம் கழித்தும் அது ஓடிக்கொண்டிருந்ததை ஆய்வகத்தார் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூடவே வந்த டெலஸ்கோப் ஒன்று 1850-ல் வாங்கியது. அதையும் தூக்கிப் போடவில்லை. 1898-ல் பிரித்து மேய்ந்து புதுப்பித்துக் கொண்டுவந்தார்கள். பழசையே பராமரித்துப் பராமரித்து நூறு வருஷத்துக்கு மேல் தினம் தினம் சூரியனைப் படம் பிடித்த கணக்கு எங்கள் ஊர் ஆய்வகத்தில் இருக்கிறது. உலக விஞ்ஞானிகள் அதற்காகத்தான் கொடைக்கானல் பெயரைச் சொல்கிறார்கள். மாடலை மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றியிருந்தால், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே திணறியிருப்பார்கள்.

அளவு காட்டும் கருவி சம்பந்தமாக எங்கள் ஊருக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. இனிப்பான ஞாபகம் இல்லை. 1980-களில் அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-ல், பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஊர் ஜனங்களும் கிரீன்பீஸ்காரர்களும் கிளர்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். பதினைந்து வருஷம்! காய்ச்சல் பார்க்கிற கைக்கடக்கமான ஒரு குச்சி, பழைய சாமான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது வெளியூர் வண்டி கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து. அந்த வண்டிகளில் வந்து இங்கேயே தங்கிவிடுகிற செத்த பேட்டரிகளை யாரும் எண்ணுவதில்லை.

சரி, என் பில்லுக்கு வருவோம். பேட்டரி 380, கூலி 250, பசையும் ரப்பரும் 40. ஆக 670 ரூபாய். பேட்டரி வந்து சேரப் பத்து நாள். இப்போது நாலு நாள் சார்ஜ் நிற்கிறது. பழைய ஒரு வாரம் திரும்ப வரவில்லை. அதையும் அவரே முன்கூட்டியே சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார்: "கை கழுவலாம், மழையில நனையலாம். ஆனா ஏரியில குதிக்காதீங்க. கம்பெனி ஒட்டுன மாதிரி நான் ஒட்டுனேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்." கொடைக்கானல் ஏரியில் குதிக்கிற குளிர் எனக்குக் கிடையாது, எனவே கவலையில்லை.

எல்லா வாட்ச்சையும் இப்படிக் காப்பாற்று என்று கொடி பிடிக்க மாட்டேன். திரை நொறுங்கிப் போன 1,200 ரூபாய் வாட்ச்சுக்கு 1,500 ரூபாயில் திரை மாற்றுவது எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் அடுக்காது. பேட்டரி உப்பித் திரையைத் தள்ளிக்கொண்டு நின்றால், உடனே கழற்றி வையுங்கள். நீங்களாக ஊசி, கத்தி என்று இறங்கவே இறங்காதீர்கள். அது தீப்பிடிக்கும். ஆனால் ஸ்டிராப் அறுந்தது என்பதற்காக வாட்ச்சை மாற்றுகிறார்களே, அவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. 20 மில்லிமீட்டரா, 22-ஆ என்று அளந்து பார்த்தால் 150 ரூபாயோடு சமாச்சாரம் முடிந்தது.

கிளம்பும்போது கேட்டேன். "இந்த வேலையை யாருக்காச்சும் சொல்லிக் குடுக்கறீங்களா அண்ணே?"

"பையன் டாக்ஸி ஓட்டறான். சீசனுக்கு நல்லா வருது. அவனைக் கொண்டாந்து இங்க உக்கார வெச்சா, நாள் பூரா ஒரு ஸ்குரூவைத் தேடிக்கிட்டு இருப்பான். போன மாசம் ஒரு காலேஜ் பையன் வந்தான். கத்துக்கறேன்னான். ரெண்டு நாள் வந்தான்."

"அப்புறம்?"

"பொறுமை இருக்கு அவனுக்கு. பஸ் காசுதான் இல்லே. இந்த பேட்டரி வேலை மாசம் பத்து வந்தா அவனுக்கு ஏதாச்சும் குடுக்கலாம்."

மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு பிஸ்கட் டின்னை எடுத்தார். இதில் ஹெச்.எம்.டி. இல்லை. பாதி வரை மணல். என் பழைய பேட்டரியின் வயர் நுனிகளில் டேப்பைச் சுற்றி, மணலுக்குள் புதைத்தார். உள்ளே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு இருந்தன.

"இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"குப்பையில போடக் கூடாது தம்பி. மதுரையில இதை வாங்கிக்கற எடம் இருக்காம். நீங்க எப்பவாச்சும் கீழ எறங்குனா ஒரு வார்த்தை சொல்லுங்க."

வர்ற பதினெட்டாம் தேதி இறங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.